எழுவைதீவுக்கு மேற்கே ஒரு திட்டு

எங்கள் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் எந்த வரைபடமும் மூலை வாசிக்காமல் அச்சுக்குப் போவதில்லை. படத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல் சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். விண்ணிலிருந்து எடுத்த எந்தச் செய்மதிப் படத்தைப் பார்த்துக் கீறினோம், அது எந்த நாளில் எடுத்தது, ஊர்ப்பெயர்கள் எங்கிருந்து வந்தன, யாருடைய வேலையில் எதை மாற்றினோம் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். படத்தை முடித்தவர் அதை வாசிக்கக் கூடாது. இன்னொருவர் உரக்க வாசிக்க, அலுவலகத்தை நடத்துகிற எங்கள் சேர் கணினியில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து சரி பார்ப்பார். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் வந்த வழக்கம்.

அந்த மூலைக்கு நான்தான் பொலிஸ். யாராவது ஒரு பெயரை விட்டிருந்தால் அந்தப் படம் என் மேசையைத் தாண்டாது. செய்மதிப் படம் இலவசமாகத்தானே கிடைக்கிறது, பெயர் போடாவிட்டால் என்ன என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். இலவசமாகத் தருகிறவன் கேட்கிற ஒரே கூலி அந்தப் பெயர்தான், அதையும் கொடுக்காவிட்டால் அதற்குப் பெயர் வேறு என்றேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாழ்கிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மற்றவர் வேலையை எடுத்தால் எடுத்தேன் என்று எழுது, மாற்றினால் இன்னதை மாற்றினேன் என்று எழுது. புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல்நாளே இதை ஓதிவிடுவேன்.

கடைசியாக வேலைக்கு வந்த அவளுக்கும் ஓதினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவள், என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. கோயில் திருநாள் என்றால் ஒரு பெட்டி நிறைய கட்லட்டும் ரோல்ஸும் கொண்டுவந்து எல்லா மேசைக்கும் போவாள். வந்து ஒரு மாதத்துக்குள் காவலாளியிலிருந்து சேர் வரை எல்லோருக்கும் அவள் செல்லம். நான் அங்கே எத்தனையோ வருடமாக இருக்கிறேன். நான் தேத்தண்ணி குடித்தேனா என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு மரியாதையான சொல் தேடிக் களைத்துவிட்டேன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அவள் தலைமுடி, அவள் சிரிப்பு, அதெல்லாம் போகட்டும். அவள் கடலுக்கு நிறம் கொடுப்பாள். அதுதான் என்னைக் கொன்றது. ஆழமில்லாத இடத்தில் வாழைக்குருத்தின் பச்சை, பாறை விளிம்பில் கொஞ்சம் கலங்கல், அதைத் தாண்டி இறங்கி இறங்கிப் போகிற ஒரு நீலம். நான் நிறம் அடித்த கடல்கள் எல்லாம் பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருக்கும். அவள் எப்படிச் செய்கிறாள் என்று அவள் சாப்பிடப் போன நேரத்தில் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறேன். எல்லாம் எனக்குத் தெரிந்த அதே பொத்தான்கள்தான்.

அந்த வருடம் ஒரு பதிப்பகம் பள்ளிகளில் மாட்டுவதற்கு வடக்குத் தீவுகளின் பெரிய சுவர்ப்படம் கேட்டது. முழுக்கத் தமிழில். எங்கள் அலுவலகத்தில் அதற்குமுன் அப்படி ஒரு வேலை வந்ததில்லை. நெடுந்தீவிலிருந்து மண்டைதீவு வரை கரைக்கோடு முழுவதையும் நான்தான் கீறினேன். கரைக்கோடு கீறுவது சும்மா விளிம்பைத் தொட்டுப் போவதில்லை. ஒரு நாள் எடுத்த படத்தில் மணலாக இருப்பது இன்னொரு நாள் படத்தில் தண்ணீராக இருக்கும். வற்றும் பெருக்கும் பார்த்து, ஈரமணல் எங்கே முடிகிறது என்று பார்த்து, ஒவ்வொரு வளைவாகப் போகவேண்டும். எனக்கு அந்தத் தீவுகளில் நயினாதீவு மட்டும்தான் கால் வைத்த இடம். அதுவும் படகில் வாந்தி எடுத்தபடி போனது. ஆனால் செய்மதி நிற்கிற உயரத்திலிருந்து கேட்டால் ஒவ்வொரு குடாவின் வளைவையும் சொல்வேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் கண்ணை மூடினாலும் கரைதான் ஓடும்.

கோடு முடிந்ததும் சேர் படத்தை அவளிடம் கொடுத்தார். நிறமும் எழுத்தும் அவள் பொறுப்பு. எங்கள் அலுவலகத்தில் படத்தை முடிக்கிறவரின் பெயர்தான் ‘படம்’ என்ற இடத்தில் வரும். கோடு கீறினவர், பெயர் தேடினவர் எல்லாம் மூலையில் வந்தால் உண்டு. மூலையை எழுதுவதும் முடிக்கிறவர்தான். அதாவது என் பெயர் அந்தப் படத்தில் இருக்கிறதா இல்லையா என்பது இனி அவள் கையில்.

பதிப்பகத்து அம்மா ஒருநாள் பார்க்க வந்தார். திரையில் படத்தைக் கண்டதும் இதை யார் செய்தது என்று கேட்டார். சேர் கையை அவள் பக்கம் காட்டினார். அவ்வளவுதான். அந்த அம்மா கடலைப் பற்றியே கதைத்தார், கடலையே படமெடுத்துக்கொண்டார். தீவுகள் தானாக முளைத்த மாதிரி. நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், வயிறு எரிகிற எரிச்சலில் ஒரு பானைச் சோறு ஆக்கியிருக்கலாம். பிறகு அவள் அந்தக் கடலை எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் அனுப்பினாள். வீட்டில் என் கணவர் அதை எட்டிப் பார்த்து, “கடல் நல்ல வடிவாயிருக்கு, நீரா செய்தனீர்?” என்றார். அன்று இரவு அவருக்கு நேற்றைய புட்டுத்தான்.

என் பெயரைப் போடுவாளா என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினால் அது பிச்சை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பாள், மறைக்கட்டும், மூலை வாசிக்கிற அன்றைக்குச் சேருக்கு முன்னால் வைத்துப் பிடிக்கிறேன் என்று இருந்தேன். அவளுக்கு வேறு யார் வாசிப்பார்கள்? நான்தான். என் கோட்டின் கோப்புகள் எல்லாவற்றையும் நாள்வாரியாக அடுக்கி வைத்தேன். சொல்லப்போகிற வசனங்களைக்கூடப் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மனுசி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

நடுவில் ஒரு பின்னேரம் அவள் என் மேசைக்கு வந்தாள். “அக்கா, எழுவைதீவுக்கு மேற்கால ஒரு மணல்திட்டு கீறியிருக்கிறீங்க. அது எந்தப் படத்தில பாத்தது?” என்று கேட்டாள்.

எனக்குச் சுர் என்று ஏறியது. என் கோட்டையே கேள்வி கேட்க வந்துவிட்டாளே. “செய்மதியில பாத்தது. வேற எங்க, கனவிலயோ? வடிவாப் பாரும், தெரியும்” என்றேன்.

அவள் சரி அக்கா என்று போய்விட்டாள். முகம் கோணவில்லை. முகம் கோணாதவர்களோடு சண்டை பிடிப்பதைப்போல் கஷ்டம் ஒன்றுமில்லை. அந்தத் திட்டை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வெள்ளையாக, விரல் நகம் போல ஒரு சின்ன மணல். அதை ஒட்டிக் கருமையாகக் கடற்புல். பழைய வரைபடம் எதிலும் இல்லாதது. கண்டுபிடித்த அன்று எனக்குள்ளேயே வைத்துக் கொஞ்சநேரம் சந்தோசப்பட்டேன்.

மூலை வாசிக்கும் நாள் வந்தது. சேர் கணினிக்கு முன்னால், அவள் அவருக்குப் பின்னால், நான் அச்செடுத்த தாளோடு யன்னலோரம். வெளியே காலி நகருக்குப் போகிற பெருவீதியில் ஹோர்ன் சத்தம் ஓயவில்லை. நான் வழக்கத்தைவிட உரக்க வாசித்தேன். ‘படம்’ என்ற இடத்தில் அவள் பெயர். வாசித்தேன். என் வாயால் அதை வாசிக்கவைத்த விதியை மனதில் ஏசினேன். செய்மதிப் படங்கள், ஒவ்வொன்றும் எடுத்த நாள், நிறம் மாற்றப்பட்டது என்ற குறிப்பு. ஊர்ப்பெயர்கள் அரச நில அளவைப் படத்திலிருந்து. வீதிகள் தன்னார்வலர்கள் கீறிய திறந்த வரைபடத்திலிருந்து. எல்லாம் சரி. இனி என்ன, முடிந்தது, என் பெயர் இல்லை, நான் நினைத்தது சரி என்று வாயைத் திறக்கப்போன இடத்தில் அடுத்த வரி வந்தது.

‘கரைக்கோடு முழுவதும்’ என்று தொடங்கி என் பெயர். முதலெழுத்தோடு முழுப்பெயர்.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வசனங்கள் அத்தனையும் வீண். இவளை இப்போது எதைச் சொல்லி வெறுப்பது என்று ஒரு கணம் உண்மையிலேயே தெரியவில்லை. வாசியுங்கோ என்றார் சேர். வாசித்தேன். ‘எழுவைதீவுக்கு மேற்கே இருந்த மணல்திட்டு மேகம் எனக் கண்டு நீக்கப்பட்டது.’

சேர் தலையைத் திருப்பி என்ன மேகம் என்றார். அவள் குனிந்து அந்த நாளின் செய்மதிப் படத்தைத் திறந்தாள். என் திட்டு அங்கே இருந்தது, பக்கத்தில் கருமையும் இருந்தது. அவள் படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். தூரத்துக் கடலில் சின்னச் சின்னதாக வேறு மேகங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே திசையில், அதே தூரத்தில் ஒரு கறுப்பு. பிறகு வேறு நாட்களில் எடுத்த படங்களைத் திறந்தாள். ஒன்றிலும் திட்டு இல்லை. வெறும் கடல். வெள்ளையைக் கண்டால் பக்கத்தில் நிழல் விழுகிறதா என்று பார், ஒரு படத்தை நம்பாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு ஓதுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். மேகத்தை மணல் என்றும், அதன் நிழலைக் கடற்புல் என்றும் கீறி வைத்திருக்கிறேன், சீ.

சேர் நல்ல மனுசன். அந்த வரியை எடுத்துவிடலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது எதற்கு, பெயர் மட்டும் இருந்தால் போதும் என்றார். நானும் அதைத்தான் விரும்பினேன். பெயர் இருக்கட்டும், மேகம் கலையட்டும்.

அவள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். “அக்கா சொன்னா எடுக்கிறன். ஆனா மாத்தினதைச் சொல்லாட்டி அது அக்காட கோடு இல்லையே. அப்ப பேரையும் எடுக்க வேணும். நீங்கதானே சொல்லித் தந்தீங்க.”

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கள்ளச் சிரிப்பு ஒன்று, ஒரு குத்தல், கண்ணில் ஒரு வெற்றி, ஏதாவது இருக்கவேண்டும் என்று தேடினேன். இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உண்மையாகவே என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு ஓதியதை அவள் நம்பிவிட்டாள். அங்கே அதை நம்பின ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன், என்னையும் சேர்த்து எண்ணினால்கூட.

பெயர் வேண்டுமென்றால் மேகத்தோடு. இல்லையென்றால் இரண்டும் இல்லை. அந்தக் கரைகளில் நான் கழித்த மாதங்களை நினைத்தேன். அந்தத் தீவுகள் தானாக முளைத்தவையென்று இனி ஒருவரும் நினைக்கக் கூடாது.

“இருக்கட்டும்” என்றேன். பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. வாசிக்கிறவர் பிழை கண்டால் திருத்தவேண்டும், அதுவும் வழக்கம்தான். “ஆனா நீர் எழுதினது பாதி. மேகம் எண்டு மட்டும் போட்டிருக்கிறீர். கடற்புல்லையும்தானே எடுத்தனீர்? மேகமும் அதன் நிழலும் எண்டு எழுதும்.”

அவள் அப்படியே மாற்றினாள். நான் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து உரக்க வாசித்தேன்.

படம் அச்சாகி வந்ததும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியிலிருந்து இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கீலம் கடல் தெரியும். அதற்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலைக்குக் குனிந்து என் பெயரைக் கண்டுபிடித்து, அடுத்த வரியையும் வாசித்துவிட்டு, “அப்ப உம்மட தீவு எங்கை இருந்தது?” என்று கேட்டார். இந்த மனுசனுக்குக் கேட்க வேறு கேள்வி கிடைக்கவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் கடலைத்தான் சொல்கிறார்கள். என்ன நிறம், என்ன நிறம். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கரைக்கோடு நான் என்று சொல்வேன். அப்படியா என்று மரியாதைக்குக் குனிந்து பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து திரும்பவும் கடலைப் பார்ப்பார்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் எழுவைதீவுக்கு மேற்கே விரலை வைத்துப் பார்ப்பேன். என் திட்டு இருந்த இடத்தை அவள் மற்ற இடங்களைவிடக் கவனமாக நிரப்பியிருக்கிறாள். அந்தப் படம் முழுவதிலும் அதைப்போல ஒரு நீலம் வேறு எங்கும் இல்லை.