வீமனின் இரத்தம்

எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் போய்வந்தது வீமன் மட்டும்தான். வீமன் எங்கள் நாய். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லித் தண்ணீரோடு சரி. ஆனால், வயதுபோன நாயை வருடம் ஒருமுறை பார்த்தால் போதாது, ஆறு மாதத்துக்கொரு தடவை இரத்தமும் பார்க்கவேண்டும், சிறுநீரகம் கெடுவது வெளியில் தெரியாது என்று மிருக வைத்தியர் சொன்னதை, அப்பா கந்தசஷ்டி விரதம்போலக் கடைப்பிடித்தார்.

வைத்தியர் எடுத்துத் தரும் இரத்தத்தை, சந்தி மருந்துக்கடைக்குப் பின்னால் மனிதர்களுக்குச் சோதிப்பவரிடம்தான் கொடுப்போம். முடிவு எழுதித் தரும் துண்டில் நாயின் பெயரை எழுத அவருக்குக் கூச்சம். அதனால் அப்பாவின் பெயரையே எழுதுவார். அம்மா அந்தத் துண்டுகளைக் காட்டி அப்பாவைச் சீண்டுவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். சுட வரும் ஹெலியின் சத்தம் கேட்காத ஒரு காலையில், வீமனைச் சவர்க்காரப் பெட்டியில் இருத்தி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் பல்லையும் கண்ணையும் பார்த்தார். இரத்தம் எடுக்கும் ஊசிகள் தீர்ந்துவிட்டன, அடுத்தமுறை எடுப்போம் என்றார். இருந்தும் அப்பா சந்தியில் சைக்கிளை நிறுத்தி, என்னை வீமனுக்குக் காவல் வைத்துவிட்டு, உள்ளே போனார். முழங்கையை மடித்துப் பஞ்சை அழுத்தியபடி திரும்பி வந்தார். பெட்டி ஆணி கீறியதாக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா கேட்டா வீமனிட்டை இரத்தம் எடுத்ததெண்டு சொல்லு, பிள்ளை. சும்மா போய்வந்ததெண்டு தெரிஞ்சால் இனி வீமனைக் கொண்டுபோக விடமாட்டா."

ஒரு கிழமை கழித்து, உடுப்புத் தோய்க்க எடுத்த அம்மாவின் கையில் அப்பாவின் சட்டைப்பையிலிருந்த துண்டு அகப்பட்டது. கூடின இலக்கங்களைச் சுற்றி இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம். வீமனின் பழைய துண்டுகளில் அப்படி எதுவும் இருந்ததில்லை. அப்பா கிணற்றடியில் வீமனைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லு. உது ஆரின்ரை இரத்தம்?"

என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. வலித்தது. வெளியே வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுபோனது. உண்மையைச் சொன்னால் வீமனை இனி யாரும் பார்க்கமாட்டார்கள், அவன் செத்துப்போவான் என்று பயந்தேன்.

"வீமன்ரை."

"எடுத்ததை நீ கண்டனியோ?"

"ஓம். முன்னங்காலிலை எடுத்தவர்."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்து அழுதார். பிறகு சிரித்தார். அன்றே வீமனுக்கென்று தனிப்பானையில், சிறுநீரகத்துக்கு ஆகாதென்று உப்பில்லாமல் சோறு ஏற்றினார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் அதிலையே போடும். அவனுக்குத் துணையாய் இருக்கும்" என்றார். அவருடைய நாய்ப் பைத்தியத்தை அம்மா அயலெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அப்பா ஏன் மறைத்தார் என்று இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம்.

அடுத்த ஆறாம் மாதம் வைத்தியர் உண்மையிலேயே வீமனிடம் இரத்தம் எடுத்தார். துண்டில் சிவப்பு வட்டம் இல்லை. வீமன் தேறிவிட்டான் என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். கோயிலுக்குப் புறப்படும்போது அப்பாவின் பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. அதை முதலில் கண்டது நான்தான். புதுச்செருப்பு வாங்கவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.