நான் பெர்ஷியாவில் இருந்த காலம்

திருடர்களைத் தரம் பிரித்து வரிசையில் நிறுத்தினால், நான் வரிசைக்கு வெளியே நிற்பேன். மட்டாஞ்சேரியில் குருமுளகும் ஏலமும் ஜாதிக்காயும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்த எழுபதுகளில், ஜூ டவுனில் ஒரு கிடங்கின் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கிய நான் எடுத்துக்கொண்டு வந்தது பெருங்காயம். இருட்டில் கைக்கு அகப்பட்டது அந்த டின்தான். காலையில் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏறினேன். அக்கரையில் ஒரு ஓட்டல்காரனிடம் தள்ளிவிடலாம் என்று யோசனை. படகு நகர்வதற்குள் எல்லாரும் மூக்கைத் தூக்கிவிட்டார்கள். ஓரமாக நின்றிருந்த போலீஸ்காரர், "ஆருடெ வீட்டிலாடா இன்னு சாம்பார்?" என்று கேட்டார். படகே சிரித்தது. நம்பினால் நம்புங்கள், நானும் சிரித்தேன்.

அதற்கு முன்பும் ஒரு சைக்கிள் பம்பு, ஒரு வெண்கல உருளி என்று சில்லறை வேலைகள் உண்டு. மாஜிஸ்திரேட் தண்டித்தது பெருங்காயத்துக்காக அல்ல, இரவில் ஓட்டைப் பிரித்ததற்காக. கொஞ்ச நாள் பெரிய ஜெயிலில் வைத்திருந்துவிட்டு, இவனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டு, மலையோரத்துத் திறந்த ஜெயிலுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலமாக இருந்தால் கப்பலில் ஏற்றி அந்தமானுக்கு அனுப்பியிருப்பான். பிற்பாடு சொல்லிக்கொள்ள ஒரு கெத்தாவது மிஞ்சியிருக்கும். நான் ஜெயில் வேனில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஜெயிலுக்கு மதில் கிடையாது. சுற்றிலும் ஒரு முள்கம்பி வேலி, அதுவும் ஊர் மாடுகள் உள்ளே வராமல் இருக்க. உள்ளே முழுக்க ரப்பர் தோட்டம். விடிவதற்கு முன்பே மரத்துக்கு மரம் போய்ப் பட்டையில் கோணலாக ஒரு கீறல் போட வேண்டும். பால் வழிந்து அடியில் கட்டியிருக்கும் சிரட்டையில், அதாவது தேங்காய்க் கொட்டாங்குச்சியில், சொட்டும். திருடன் கையில் அரசாங்கமே கத்தியைக் கொடுத்து, கீறு என்று சொன்னது. கூட இருந்தவர்கள் பெரும்பாலும் கொலைக் கேஸ்காரர்கள், தன்மையான மனிதர்கள். பெருங்காயக் கேஸ் என்றதும் அவர்களிடம் எனக்கு மரியாதையே இல்லாமல் போய்விட்டது.

வீட்டில் அப்பாவும் தங்கையும்தான். இருவரும் சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தார்கள். தங்கைக்கு ஒரு வரன் வந்தது. பையன் வைட்டிலாவில் சைக்கிள் கடையில் வேலை, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மூத்தவன் எங்கே என்று அவர்கள் கேட்டபோது, அப்பா பெர்ஷியாவில் என்று சொல்லிவிட்டார். வளைகுடா நாடு எதுவானாலும் எங்களுக்கு அப்போது பெர்ஷியாதான். எங்கள் தெருவுக்கு உண்மை தெரியும். ஆனால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்றால், சண்டைக்காரர்கள் உட்படத் தெரு மொத்தமும் வாயைத் தைத்துக்கொள்ளும். அது எங்கள் தெருவின் சட்டம்.

நாள் குறிக்க அவர்கள் வரும்போது அண்ணன்காரன் இருந்தால்தான் அழகு என்று எனக்கு பரோல் வாங்கினார்கள். பெர்ஷியாக்காரனாக வந்து இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டிவிட்டார். பக்கத்து வீட்டுச் சேச்சி எங்கிருந்தோ கொண்டுவந்த பாரின் அத்தரை என்மேல் ஊற்றினாள். என்ன ஊற்றியும் ரப்பர் பால் வாடை போகவில்லை.

பையன் கூடத் தாய்மாமனையும் அழைத்துக்கொண்டு வந்தான். தங்கை சாயா கொண்டுவந்து வைத்தபோது அவன் சட்டையில் சிந்திவிட்டது. "சாரமில்ல, பரவால்ல, பழைய சட்டைதான்" என்றான் அவன். அவள் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே நாள் குறித்திருப்பார்கள்.

"தம்பிக்கு அங்க என்ன ஜோலி?" என்று மாமன் கேட்டார்.

"எண்ணெய்க் கம்பெனி" என்றேன். அப்பா என் காலை மிதித்தார்.

"கை எல்லாம் கருத்துக் கிடக்கே?"

"எண்ணெயில்லையா மாமா? பூமியில லேசா ஒரு கீறல் போட்டா போதும், வழியும். கீழ சிரட்டையை வெச்சுப் பிடிச்சுக்க வேண்டியதுதான்."

"சிரட்டையிலயா!"

"சாதாச் சிரட்டையா? எல்லாம் ஸ்டீல் சிரட்டை. அரபிக்காரன் காசுக்குக் கணக்கு பார்ப்பானா?"

ஜன்னலுக்கு வெளியே சேச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்கு நாக்கு நிற்காது. மணலில் முட்டை பொரிக்கும் சூட்டையும், ஒட்டகத்துக்கு டிராபிக் போலீஸ் கைகாட்டுவதையும் சொல்லிக்கொண்டே போனேன். மாமனின் கண் விரிந்துகொண்டே போனது. கடைசியில் பையனின் தோளில் கையைப் போட்டார்.

"அப்ப இவனுக்கும் ஒரு விசா ஒப்பிச்சுத் தரணும்."

"மாமா, சும்மா இருங்கோ" என்றான் பையன்.

இந்த இடத்தில்தான் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "என் தங்கச்சியைக் கட்டப்போற அளியனுக்கு இல்லாத விசாவா? அடுத்த தடவை வரும்போது கையோட கொண்டுவரேன்!" என்றேன்.

மாமன் தொடையைத் தட்டினார். "பின்ன என்ன அவசரம்? விசா வரட்டும். கல்யாணத்தை முடிச்சு ஒண்ணா அனுப்பிரலாம்." தையில் நடத்துவதாக இருந்த கல்யாணம், அந்த நிமிஷமே வராத விசாவுக்காகத் தள்ளிப்போனது. கதவுக்குப் பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்கள் போன பிறகு அப்பா சொன்னார்: "எடா, நீ பெருங்காயம் திருடி மாட்டினப்பகூட எனக்கு இவ்வளவு பயம் வரல." தங்கை டம்ளர்களைக் கழுவினாள். "வெளியே வந்ததும் நானே சமாளிச்சுக்கறேன், நீ கவலைப்படாதே" என்று அவளிடம் சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பினேன். தோட்டத்தில் கொலைக் கேஸ்காரர்களுக்கு அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஸ்டீல் சிரட்டைக்கு ஒரு மெருகு கூடியது. அவர்களிடம் போயிருந்த மரியாதை கொஞ்சம் திரும்பி வந்தது.

இங்கே ஊரில் அந்தப் பையன் சைக்கிள் கடை வேலையை விட்டுவிட்டான். பெர்ஷியாவுக்கு உதவும் என்று வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான், பாஸ்போர்ட் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டாஞ்சேரிக்கு வந்து வாசலில் நின்று, அண்ணனிடமிருந்து ஏதாவது விவரம் உண்டா என்று தங்கையிடம் கேட்பான். இல்லை என்பாள் அவள். தெரு தன் சட்டப்படி வாயைத் தைத்துக்கொண்டிருந்தது.

நான் விடுதலையாகி வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே ஓடிவந்துவிட்டான். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தான். "அளியா, எப்ப கிளம்பணும்?"

சமாளிப்பதற்கு வழியெல்லாம் யோசித்து ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டைத் திறந்தேன். போட்டோவில் ஸ்டூடியோக்காரனின் டையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கதை வரவில்லை. ஓடு, டின், படகு, ஜெயில், ரப்பர் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெருங்காயமா?" என்று கேட்டான். பாதிச் சிரிப்பு வந்தது அவனுக்கு. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவன் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்து நின்னப்பவும்?"

அதற்கும் தலையசைத்தாள்.

"ஜெயில் எனக்கு ஒண்ணுமில்ல. எங்கப்பனே சாராயக் கேஸ்ல உள்ள கிடந்தவன்தான். ஆனா நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பாஸ்போர்ட்டை வாங்கி, உறையில் போட்டு, ஓரத்தைப் பார்த்து மடித்தான். தங்கை சாயா போட்டு வைத்திருந்தாள், அவன் குடிக்கவில்லை. தெருவே வாசலுக்கு வந்து நின்று அவன் போவதைப் பார்த்தது.

எண்பதுகளில் அவன் வேறு யார் மூலமோ நிஜமாகவே வளைகுடாவுக்குப் போனான் என்று கேள்வி. கல்யாணமும் ஆகிவிட்டதாம். தங்கை அதற்கப்புறம் வந்த எந்த வரனுக்கும் சாயா எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வரவில்லை. சுக்குக் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் அதே கிடங்கில் மூட்டை தூக்கினேன். ஆட்கள் ஓய்வாக உட்கார்ந்தால் பெர்ஷியாக் கதை சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வேன்.

ஒரு மழைநாளில் வேலை நின்று இருவரும் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, எத்தனையோ காலமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அவன்கிட்ட நீயே ஏன் சொல்லல?"

மடியிலிருந்த சுக்குத் தூளைத் தட்டிவிட்டாள். "நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேண்ணே. உனக்குத்தான் நல்லாப் பேச வருமே."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேலி என்றால் எனக்குத் தெரிந்திருக்கும்.