ஒராள் குறையுது

பின்னம் என்றால் எனக்கு அப்படியொரு கோபம். சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் சித்தி, தேறிவிட்டேன்; கணிதம் மட்டும் என்னை இரண்டு தரம் கவிழ்த்துவிட்டது. இந்த முறையும் போனால் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியை மறந்துவிட வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டத் தெரிய வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ! என் கணக்கில் இரண்டும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டு, ஆளை விடு.

பரீட்சை நெருங்கும்போது என் அண்ணனுக்கு, எங்கள் ஏறாவூர்ப் பேச்சில் காக்காவுக்கு, கலியாணம் வந்தது. பகல் சாப்பாடு சஹனில். பெரிய தட்டு நிறையச் சோறு, மேலே இறைச்சியும் பொரித்த கோழியும். சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாய்க் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். ஆறு பேர் சேரும்வரை மூடியைத் திறக்க விடமாட்டார்கள். பெண்கள் பக்கம் ஆள் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வாப்பாவின் தங்கையான மாமி வாசலில் நின்று அதிகாரம் பண்ணினார்.

"இஞ்ச ஒராள் குறையுது! ஓடி ஒராளப் புடி மனே!"

எங்கள் ஊரில் பெண்பிள்ளையும் 'மனே'தான். ஓடினேன். ஒரு சஹனில் மூன்று பேர், பசியோடு மூடியை முறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் இரண்டு பேர். அந்த இருவரையும் கிளப்பிக்கொண்டுவந்து மூவரோடு இருத்தினேன். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று பேர் என்றால் அரைச் சஹன். இரண்டு பேர் என்றால் மூன்றில் ஒன்று. சேர்த்தால் ஆறில் ஐந்து! என்னுடைய ஐந்தில் இரண்டோ அரையை விடவும் குறைவு. இருந்தவர்களோடு இன்னும் இரண்டு பேர் வந்து இருந்தால் ஆட்கள் குறைந்து போவார்களா? இத்தனை வருடமும் நான் யாரைப் பட்டினியாய் எழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்? நின்ற இடத்திலேயே சிரி சிரியென்று சிரித்தேன்.

"என்ன புள்ள, பேய் புடிச்சிட்டா?" என்றார் மாமி.

"மாமி, ஆறில அஞ்சு!"

"அதத்தானே நானும் சொல்றன், ஒராள் குறையுதெண்டு!"

அதன் பிறகு எனக்குப் பித்துத்தான். மூன்றில் இரண்டு என்றால் நாலு பேர். அதில் ஒருத்தி கை கழுவ எழும்பினால் அரை. கால் வந்தபோது மட்டும் ஒன்றரை ஆளை எங்கே இருத்துவது என்று முழித்தேன். பிறகு மனதுக்குள்ளேயே பன்னிரண்டு பேர் இருக்கும் சஹன் ஒன்று செய்தேன். கால் என்றால் மூன்று பேர். புத்தகத்தில் இருந்த கணக்கெல்லாம் சாப்பிட வந்துவிட்டது.

பரீட்சையில் தண்ணீர்த் தாங்கிக் கணக்கு. அரைப் பங்கு சமையலுக்கு, மூன்றில் ஒரு பங்கு தோட்டத்துக்கு, மிச்சம் எவ்வளவு? மூன்று பேரை இருத்தினேன், இரண்டு பேரை இருத்தினேன், சந்தோஷமாக விடை எழுதினேன். வெளியே வந்து ஐஸ் பழம் வாங்கும்போதுதான் உறைத்தது. ஆறில் ஒன்று என்பதற்குப் பதிலாக "ஒராள்" என்று எழுதியிருக்கிறேன். தாங்கிக்குள் ஆள் எப்படி வந்தது என்று திருத்துகிறவர் தேடப்போகிறார்! சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்த ஒரு கணக்கில் போய்விடுமோ என்று பெறுபேறு வரும்வரை பயந்துகொண்டே இருந்தேன்.

பெறுபேறு வந்த அன்று காக்காவும் மதினியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பாயில் சஹனைச் சுற்றி அவர்கள் இருவரோடு வாப்பா, உம்மா, மாமி. நான் மட்டும் சாப்பாடு வேண்டாம் என்று போனும் கையுமாக முற்றத்தில் நடந்தேன். ஒருவழியாகப் பக்கம் திறந்தது. கணிதத்துக்கு நேரே சாதாரண சித்தி. அது போதும்! நான் போட்ட கத்தலில் வேலியில் நின்ற கோழிகள் பறந்தன. உம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

மாமி கொஞ்சம் நகர்ந்து பாயைத் தட்டினார்.

"மூடி இன்னும் திறக்கல்ல மனே. ஒராள் குறையுது, வா."