அந்த அம்மா உயிரோடிருந்தபோது அடித்த காசு

தராசுக்காரருக்குப் பொய் சொல்லும் காசு என்றால் உயிர். இப்படிச் சொன்னால் மனிதர் கோபித்துக்கொள்வார், ஆனால் அதுதான் நிஜம். வாரத்தில் ஆறு நாள் கடை கடையாய் ஏறி, தராசுகளின் வயிற்றைத் திறந்து, முள்ளை நேராக்கி, ஸ்பிரிங்கைத் துடைத்து, ஐந்து கிராம் பிசகினாலும் கடைக்காரரை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பவர் அவர். ஏழாம் நாள், வருஷத்தைப் பொய்யாய்ப் போட்ட வெள்ளிக்காசுகளை மடியில் கொட்டிக்கொண்டு கொஞ்சுவார்.

அந்தக் காசின் கதையை அவர் ஆரம்பித்தாலே சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடுவார்கள். நாம் கொஞ்சம் பொறுமையாகக் கேட்போம். ஆஸ்திரியாவில் மரியா தெரசா என்று ஒரு மகாராணி இருந்தாள். அவள் முகம் போட்ட கனத்த வெள்ளிக்காசுக்குத் தாலர் என்று பேர். அது கடல் தாண்டி செங்கடல் கரை வரைக்கும் போயிற்று. அங்கிருந்த வியாபாரிகளுக்கு அந்த முகத்தின் மேல் அப்படியொரு நம்பிக்கை. 1780இல் அம்மா கண்ணை மூடினாள். வேறு முகம், வேறு வருஷம் போட்டால் தொடமாட்டோம் என்று வியாபாரிகள் சாதித்ததால், அதே முகம், அதே 1780 என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். நூறு வருஷம் கழித்து அடித்தாலும் 1780. அதற்கும் நூறு வருஷம் கழித்து அடித்தாலும் 1780.

"செத்தவங்க பேர்ல இத்தனை காலம் கடை நடத்தினது உலகத்துலயே இந்த ஒரு காசுதான்" என்பார் தராசுக்காரர். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவரிடம் பதினொரு தாலர்கள் இருந்தன. பதினொன்றும் 1780. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த அம்மா உயிரோடு இருந்தபோது அடித்தது. எழுபத்தெட்டோ எழுபத்திரண்டோ, எந்த வருஷமானாலும் சரி. இருபது வருஷமாக ஏறிய கடையிலெல்லாம் கேட்டிருக்கிறார். உருக்கப் போகிற பழைய வெள்ளியை நகைக்கடையில் கிளறக்கூட விடுவார்கள். கிடைத்ததெல்லாம் எண்பதுதான்.

இந்தக் கிறுக்கில் அவருக்கு ஒரே கூட்டாளி கடிகாரக்காரர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்காருவார்கள். சுவரில் நாற்பது கடிகாரம் நாற்பது நேரம் காட்டும். நடுவில் பச்சைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் கடிகாரக்காரர் சேர்த்த காசுகளின் தட்டு. எண்பது என்பது அவர்களுக்குள் ஒரு வார்த்தையாகவே ஆகிவிட்டது. ஊரெல்லாம் கிடைக்கிற எதுவும் எண்பது. கடிகாரக்காரரின் மைத்துனன் புதுக் கார் வாங்கியிருந்தான். கார் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எண்பதுதான்ப்பா" என்பார். இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

நான்கு வருஷம் முன்பு தராசுக்காரரின் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. தராசு வேலைக்கு விரல் போதும், முள் ஆடுவது கையிலேயே தெரிந்துவிடும். காசில் உள்ள எழுத்துக்கு விரல் போதாது. கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு படித்துச் சொல்வார், இவர் கேட்டுக்கொள்வார். ஆபரேஷன் என்றால் இவருக்குத் தொடை நடுங்கும். "எதுக்குடா அவசரம்? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்ல" என்று கடிகாரக்காரர் தைரியம் சொல்வார். கேட்கச் சுகமாக இருக்கும்.

போன வருஷம் பாத்திரக்கடை அம்மா தன் பெரிய தராசை இவர் சரிசெய்துகொடுத்த சந்தோஷத்தில், கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கனத்த காசை எடுத்து இவர் கையில் வைத்தார். "எங்க மாமனார் வச்சிருந்தது. உங்களுக்குத்தான் இதுல பைத்தியமாச்சே, எடுத்துக்கிட்டுப் போங்க."

தாலர் என்று உள்ளங்கை சொல்லிவிட்டது. விளிம்பில் யாரோ வெள்ளிதானா என்று பார்க்க அரத்தால் இழுத்த ஒரு வெட்டு. கட்டைவிரல் அதிலேயே போய்ப் போய் நின்றது. வருஷம் மட்டும் தெரியவில்லை. வெயிலில் பிடித்தார், விளக்கடியில் பிடித்தார், எல்லாம் பால் கொட்டின மாதிரி இருந்தது. ஞாயிறு வரைக்கும் சோறு இறங்கவில்லை.

கடிகாரக்காரர் லென்ஸை மாட்டி, கழுகும் வருஷமும் இருக்கும் பக்கத்தைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். தராசுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எண்பதுதான்ப்பா."

தராசுக்காரரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தோ என்னவோ, அவரே ஒரு வழியும் சொன்னார். "இந்த வெட்டு விழுந்த காசை நீ வச்சு என்ன பண்ணப் போற? எங்கிட்டக் குடு. என்னோட ரெண்டு தூண் போட்ட ஸ்பெயின் காசு மேல உனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு இருக்குல்ல, அதை எடுத்துக்கோ."

தூண் போட்ட காசை ஒரு எண்பதுக்குத் தருகிறவன் எங்கே கிடைப்பான்? தராசுக்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கண் கலங்கச் சொன்னார். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்." பாத்திரக்கடை அம்மாவிடம்கூடப் போய் நண்பரின் பெருமையைப் பாடினார். இந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

கடைசியில் மனைவிதான் ஒற்றைக்காலில் நின்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். முதலில் ஒரு கண், அப்புறம் மற்றது. மகள் வீட்டுக்குப் போவதாகக் கடிகாரக்காரரிடம் பொய் சொல்லியிருந்தார்கள். அது தராசுக்காரரின் திட்டம். ஒன்றும் தெரியாதவர்போல் போய் உட்கார்ந்து, திடீரென்று ஒரு காசை எடுத்துக் கடகடவென்று படித்து, நண்பரை வாய் பிளக்க வைக்க வேண்டும். ஒரு மாதம் இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு வழக்கம்போல் கையால் துழாவிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது கடிகாரமும் பளிச்சென்று தெரிந்தன. கடிகாரக்காரருக்கு இவ்வளவு நரைத்திருக்கிறதே என்று மனசு இளகியது. காசுத் தட்டு திறந்தே கிடந்தது. குருடனுக்கு முன்னால் எதை மூடுவது?

எந்தக் காசைப் படித்து அசத்தலாம் என்று தட்டில் கண்ணை ஓட்டினார். மூன்றாவது வரிசை, கழுகுப் பக்கம் மேலே பார்க்க ஒரு தாலர். விளிம்பில் அந்த வெட்டு. எழுத்துகள் முடிகிற இடத்தில் 1776.

மறுபடியும் பார்த்தார். எழுபத்தாறுதான்.

நண்பர் தப்பாகப் படித்திருப்பார், அவருக்கும் வயசாகிறதே, என்றுதான் அந்த நிமிஷத்திலும் நினைத்தார். நினைக்க ஆசைப்பட்டார். கைதவறிப் பட்டதுபோல் அந்தக் காசின்மேல் விரலை வைத்தார்.

"இது என்னப்பா?"

கடிகாரக்காரர் லென்ஸ்கூட மாட்டவில்லை. "அதுவா? நீ குடுத்தியே, அதுதான். எண்பது."

கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை. குரலில் அன்புகூட இருந்தது, அதுதான் கொடுமை. தட்டைக் கவிழ்க்கலாம், சட்டையைப் பிடிக்கலாம், தராசுக்காரருக்கு ஒன்றுக்கும் கை எழவில்லை. "சரிப்பா, நேரமாச்சு" என்று எழுந்தார்.

வாசலில் கடிகாரக்காரர் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தார். "படி இருக்கு, பாத்து."

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"படி தெரியுது. உன் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லாதது தெரியுது. எழுபத்தாறும் தெரியுது. ஆபரேஷன் ஆகி ஒரு மாசமாச்சு."

பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல விலகியது. தராசுக்காரர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

வீட்டில் மனைவி கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்னங்க, அண்ணன் அசந்து போயிட்டாரா?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயைத் திறந்து கேட்டிருந்தா நீங்களே குடுத்திருப்பீங்களே, பாவி மனுஷன்!"

தராசுக்காரர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"இல்ல. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரியும். என்னை அவ்வளவு தெரிஞ்சவன் வேற யாரும் எனக்கு இல்லயே" என்றார். சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மனைவி ஞாபகப்படுத்த ஞாபகப்படுத்த, குழந்தை மாதிரி அழுதார்.