பெயர் எழுதாத பார்சல்கள்

மிக்ஸி ஜார்

“தீதி, ஹேவ்லாக்தானே?”

ஏணியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். போர்ட் பிளேர் கப்பல் ஜெட்டியில் ஓடிவந்தவர் கைப்பிடிக் கம்பிக்கு மேலாக ஒரு மிக்ஸி ஜாரை நீட்டி, மூன்றாம் நம்பர் கிராமம், ஹார்டுவேர் கடைக்குப் பின்னால், ரமணா வீடு என்று இந்தியில் கத்தினார். வாங்கிக்கொண்டேன். குடும்பத்தோடும் நண்பர்களோடும் சனி, ஞாயிறில் குறைந்த செலவில் தீவு பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் தொழில். கப்பல் நகரும் நேரத்தில் நீட்டப்படுவதை வாங்கிக்கொள்வது அதில் பாதி.

அன்று என்னுடன் எட்டுப் பேர். போர்ட் பிளேரில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மீனா, அவளுடைய அலுவலகத் தோழிகள் ஐந்து பேர், தென்காசிப் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த மீனாவின் அப்பா அம்மா. அப்பா அருணாசலம் ஓய்வுபெற்ற தபால்காரர். என்னிடமிருந்து ஜாரை வாங்கிச் சுற்றிலும் பார்த்தார். அடியில் பார்த்தார். மூடியைத் திறந்தும் பார்த்தார்.

“பேரே எழுதலையே?”

“எழுத மாட்டோம் சார். கொடுத்தவர் தெலுங்கு. கொண்டுபோறது தமிழ். போற வழியில விசாரிச்சா பதில் சொல்றவங்க பெங்காலி. எந்த எழுத்துல எழுதுறது? வாயால சொன்னா இந்தி, எல்லாருக்கும் புரியும்.”

அவர் ஜாரை இரண்டு கைகளாலும் உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டார்.

“பேரில்லாத தபால மேலாபீசுக்கு அனுப்பிருவோம்மா, அங்க பிரிச்சுப் பாப்பாங்க. நீங்க என்னடான்னா மடியில வச்சுக் கொண்டுபோறிய.”

ஸ்கூபா கிடையாது

என் பாக்கேஜில் அரசுக் கப்பல், அரசு பஸ், மின்விசிறி போட்ட நான்கு அறைகள், பார்வதி சமைக்கும் சாப்பாடு ஆகியவை உண்டு. கண்ணாடித் தரை போட்ட படகு கிடையாது. ஸ்கூபா கிடையாது. என்னைப் போல ஆள் சேர்த்து ஊர் சுற்றக் கூட்டிப்போய் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மலிவு என்று தெரிந்தே வந்தவர்தான் இறங்கியதும் முதலில் ஸ்கூபா எங்கே என்பார்.

தொழில் தொடங்கிய புதிதில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் ஜெட்டியிலேயே அதைக் கேட்டது. பதிலைத் தள்ளிப்போட வேறு வழி தெரியாமல், கையிலிருந்த பார்சல்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, “இதைச் சேர்த்துட்டு வாங்க, பேசிக்கலாம்” என்றேன். சாயங்காலம் திரும்பியவர்கள் ஸ்கூபாவை மறந்திருந்தார்கள். ஒருவர் தோளில் பாதிப் பலாப்பழம். ஒருவர் யாருடைய பேரனுக்கோ கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து பார்சலும் பாக்கேஜில் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் போகும்போது சொன்னாள்:

“கடல்ல என்ன பாத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியலைங்க. மூணாம் நம்பர்ல ஒரு வீட்டு ஃபிரிட்ஜ்ல என்னென்ன இருக்குதுன்னு கேளுங்க, சொல்றேன்.”

ஆவி

இனி பார்வதி. தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் கட்சால் தீவில் பிறந்தவள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அங்கே அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இப்போது அம்மா மட்டும் கட்சாலில் தனியாக. பார்வதி ஹேவ்லாக்கில், நான் ஆட்களைத் தங்க வைக்கும் நான்கு அறைகளுக்குப் பின்னால் இருந்துகொண்டு, என் கூட்டங்களுக்குச் சமைக்கிறாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இரண்டு காதும் மந்தம். காது மெஷின் மாட்டினால் கேட்கும். மாட்டாவிட்டால், முகம் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துவிடுவாள். குக்கர் விசிலை ஆவியைப் பார்த்தே எண்ணுவாள். மெஷின் பழுதாகிச் சென்னைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது விமானத்தில் வந்த யாரோ ஒருவர் மூலமாக வெள்ளிக்கிழமைதான் என் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை அவளுக்கு ஒரு பெரிய ரிசார்ட்டில் சமைத்துக் காட்ட வேண்டிய நாள். நிரந்தர வேலை, தங்க அறையும் தருகிறார்கள். அறை கிடைத்தால் அம்மாவை அழைத்துக்கொள்ளலாம். போன மாதம் மெஷின் இல்லாமலே இன்னொரு ரிசார்ட்டுக்குப் போயிருந்தாள். அந்தக் கிச்சனில் எல்லோரும் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தியிருக்கிறார்கள். அரை மணியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு வேலை கிடைத்தால் என் பாக்கேஜுக்குச் சமையல் இல்லை. அவள் மாதிரிச் சிக்கனமாகச் சமைக்க அந்தத் தீவில் எனக்கு வேறு ஆள் தெரியாது. மெஷின் வந்துவிட்டது என்று வீடியோ காலில் உதட்டை அசைத்துச் சொன்னபோது, அவள் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

“எனக்குக் காது வந்தா உங்களுக்குச் சோறு போச்சு, என்னக்கா?”

இரண்டு பெட்டி

தப்பு என்னுடையது. உப்புக்காற்று படக்கூடாது என்று காது மெஷின் பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். ஹேவ்லாக்கில் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் தாதா என்று கூப்பிடும் வங்காளி டெய்லருக்குப் போர்ட் பிளேர் கடையில் கொடுத்தனுப்பிய தையல் மெஷினில் அடிநூல் போடும் பாபின் கேஸும் அதே அளவு பெட்டியில்தான் இருந்தது. கை அதையும் அதே செய்தித்தாளில் சுற்றிவிட்டது. ஒன்றை என் பையில் வைத்துக்கொண்டேன். மற்றதை மீனாவிடம் கொடுத்து, “டெய்லர் தாதாவுக்கு, ஜெட்டியிலேயே ஆள் வரும்” என்றேன்.

ஆள் வந்தார். வாங்கினார். வாங்கிக்கொண்டு, நாங்கள் இறங்கிய அதே கப்பலில் ஏறினார். தாதா ஒரு கல்யாண வீட்டுத் துணி தைக்க நீல் தீவுக்குப் போயிருக்கிறார், நானும் அங்கேதான் போகிறேன் என்று படியிலிருந்து மீனாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கப்பலும் போயிற்று.

அறைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும், பார்வதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பெட்டியைப் பிரித்தாள். உள்ளே எவர்சில்வரில் பளபளவென்று பாபின் கேஸ். என்னைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள்.

“இத மாட்டிக்கிட்டுப் போனா ரவிக்கை தைக்கிற சத்தம்தானேக்கா கேக்கும்?”

டெய்லரைத் தேடுகிறவர்கள்

அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை. மீனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முதுகைத் திருப்பிவிட்டால் அவளிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு நொடி மனசு லேசானது. இன்னும் சில சனிக்கிழமை ஓடிவிடுமே என்று. அதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதையும் எழுத வேண்டியதில்லை.

டெய்லரின் போன் நம்பர் என்னிடம் இல்லை. போர்ட் பிளேர் கடைக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்றேன். மற்றவர்களை ஏழாம் நம்பர் கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினேன். மீனாவும் அருணாசலமும் ஏறவில்லை. அவர் ரமணா வீட்டில் ஜாரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு நின்றார்.

“டெய்லர் நம்பர் யார்ட்ட இருக்கும்னு கேக்கேன்?”

“தெரியலையே சார்.”

“தைக்கக் குடுத்தவங்ககிட்ட இருக்கும்லா. சொன்ன தேதிக்குத் தச்சுக் குடுத்த டெய்லர் உண்டா? தேடிக்கிட்டுத்தான் இருப்பாங்க.”

மீனாவை இந்தி பேசக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டார். நானும் போனேன். முதல் வீட்டில் தேநீர். இரண்டாவது வீட்டில் நாய். மூன்றாவது வீட்டு வங்காளி அம்மாள் டெய்லர் என்ற சொல்லைக் கேட்டதுமே போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போன பூஜைக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கை இன்னும் வரவில்லை. நம்பர் மனப்பாடமாக இருந்தது.

டெய்லர் எடுத்தார். பெட்டியைப் பிரித்துவிட்டு, இது தையல் மெஷினில் எங்கே பொருந்தும் என்று மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாராம். நாளைக் கப்பலில் ஹேவ்லாக்குக்குப் பார்வதி பேர் சொல்லி அனுப்புகிறேன், என் பாபின் கேஸைச் சீக்கிரம் அனுப்புங்கள், கல்யாண வீட்டில் கொன்றுவிடுவார்கள் என்றார். யார் கையில் கொடுப்பீர்கள் என்று அருணாசலம் மீனாவைக் கேட்கச் சொன்னார். “வருகிறவர் யாராவது” என்று சொல்லிவிட்டு டெய்லர் வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அருணாசலத்தின் மனைவி ஏழாம் நம்பரில் சூரியன் மறைவதைக் கணவர் இல்லாமல் பார்த்துவிட்டு வந்து வாசலில் காலைத் தட்டி மணல் உதிர்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அருணாசலம் என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முப்பத்தஞ்சு வருசம் ஆளத் தேடி நடந்தவன்மா நான். எந்த ஆளையும் கண்டுபிடிச்சிரலாம். ‘யாராவது’ன்னா அந்தாள நான் எங்க போய்ப் பிடிக்க?”

பார்வதி யாரு?

ஞாயிற்றுக்கிழமை காலை நீலுக்குப் போகிற ஒருவரிடம் பாபின் கேஸைக் கொடுத்தனுப்பினோம். நீலிலிருந்து மத்தியானம் வரும் கப்பல்தான் எங்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோவது. பார்வதியும் ஜெட்டிக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு என்று ஒரு துணிப் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தாள். என்னிடம் தராமல் அருணாசலத்திடம் கொடுத்தாள்.

“கட்சால், மீனாட்சியம்மா. கட்சால் கப்பல்ல யார் போனாலும் குடுத்துருங்க ஐயா. ரெண்டு ரவிக்கைதான்.”

அவர் வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு ஏறும் வரிசையில் போனார். கப்பலிலிருந்து முன்படி வழியாகவும் பின்படி வழியாகவும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பார்வதி முன்படியின் அருகில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்தாள். காய்கறி மூட்டை. ஹெல்மெட். தூங்குகிற குழந்தை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் வடிந்தது.

அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது. மெயின்லேண்டிலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவர். பக்கத்தில், மருதாணிக் கையோடு மனைவி. அவர் செய்தித்தாள் சுற்றிய பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பார்வதி! பார்வதி கோன் ஹை?” என்று கூப்பிட்டார். பத்தடி தூரத்தில் அவருக்கு முதுகு காட்டி நின்ற பார்வதி, காலியான முன்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கூப்பிட்டார். கூலிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.

நான் உடனே ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஒப்புக்கொண்டிருந்த மூன்று கூட்டங்களும், அவற்றில் ஒன்றில் பதினான்கு பேர் என்பதும் ஞாபகத்துக்கு வந்தன. அவர் மூன்றாவது முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். மனைவி ஆட்டோவைக் காட்டி ஏதோ சொன்னாள்.

போய்ப் பார்வதியின் தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

அவள் அங்கேயே நின்று பெட்டியைப் பிரித்தாள். நீலிலிருந்து அதற்குள் என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டே வந்ததாகச் சொன்ன தம்பதி, அவள் மாட்டி முடிக்கும்வரை ஆட்டோவைக் காக்க வைத்தார்கள். மெஷின் கீச்சென்றது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஹாரன் அடித்தது. பார்வதி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தோளெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

எனக்குக் கடைசி அழைப்பு. அவளுக்கு முதுகைக் காட்டிப் படியேறிக்கொண்டே, “அளவா உப்புப் போடத் தெரிஞ்ச ஒருத்தியை இனி எங்க போய்த் தேடுவேன்” என்று எனக்கு நானே முணுமுணுத்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“கேட்டுச்சுக்கா! உப்பு நானும் சில நாள் கூடத்தான் போடுறேன், நீங்க ஒருநாளும் சொன்னதில்ல!”

ஏணியை இழுத்தார்கள். எட்டுப் பேரும் கப்பல் ஏறியாயிற்று, கொண்டுவந்த பார்சலெல்லாம் சேர வேண்டிய இடம் சேர்ந்தாகிவிட்டது, அந்த வாரம் எதையாவது தொலைத்தது என்றால் நான் ஒருத்திதான்.

எதிர் இருக்கையில் அருணாசலம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கட்சாலுக்குப் போகும் பொட்டலத்தைத் திருப்பி எழுத இடம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.