கழற்றாத கதவு

ஆளில்லாத வெளிநாட்டு ஊர்களை மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ அழகா கீது பாரும்மா" என்று பாதி மணலில் புதைந்த ஒரு வீட்டைக் காட்டினாள். என் கண் அதன் கதவில் நின்றது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, செய்யாற்றில் மணல் அள்ளி அள்ளிக் கிணறு வற்றியதும் எங்கள் ஊரே காலியானது. போகிற இடத்தில் கதவு வாங்க வக்கில்லாததால் ஒவ்வொரு வீட்டிலும் கதவைக் கழற்றி டிராக்டரில் ஏற்றினார்கள். என் அம்மா பூட்டும் கையுமாக வாசலில் நின்றாள்.

"கதவே வண்டியில கீது, பூட்டு இன்னாத்துக்கு?" என்றார் நைனா.

"வெளிய கெளம்புனா கை தானா எடுக்குது."

அந்தக் கதவுதான் இன்று எங்கள் குளியலறைக்கு.

"இந்த மணல் ஊருக்கு ஒருவாட்டி போலாமாம்மா?" என்றாள் மகள்.

"வேணாம்டி. கதவக்கூட கழட்டாம போயிக்கிறாங்க. திரும்பி வந்துடலாம்னு நெனச்சிருப்பாங்க."