மைக் ஜீப் வந்தால் கதவைச் சாத்து

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன் நான். என்னைக் கோபக்காரன் என்கிறார்கள். நடுரோட்டில் ஒரு பிள்ளை நின்றுகொண்டு, எவ்வளவு ஹாரன் அடித்தும் நகராவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதற்கு ஆறு வயது. ஜார்க்கண்டிலிருந்து காப்பி பறிக்க வந்த குடும்பம். எஸ்டேட் தொழிலாளர் லைனில், வளைவுக்கு நேர் கீழே கடைசி வீடு. நாலைந்து தடவை பிரேக்கில் ஏறி நின்று, இறங்கிப் போய் அதன் தாயைத் திட்டியிருக்கிறேன். கடைசித் தடவை அவள் அழுதுவிட்டாள்.

"அவளுக்குக் காது கேக்கலீங்கண்ணா. மழைக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. சேலம் கூட்டிட்டுப் போலாம்னா ரைட்டர் லீவு தரமாட்டேங்கறாரு."

மூன்று வருடத்தில் அவள் எங்கள் ஊர்த் தமிழைக் கற்றுக்கொண்டாள். எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் லீவு வாங்குகிற தமிழ் மட்டும் அவளுக்கு வரவில்லை. அது அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் என் சம்சாரத்துக்கே இன்னும் வரவில்லை.

அந்த வாரம் ஏற்காட்டிலிருந்து போன் வந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அரசு முகாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. வேனில் காது டாக்டரும் வருகிறார். ஜீப்பில் மைக் கட்டி, லைன் லைனாகப் போய்ச் சொல்ல வேண்டும். முந்தின நாளே அவளிடம் போய், "நாளைக்கு டாக்டர் வராரு, பிள்ளைய எங்கயும் உட்றாத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை முகாம் அதிகாரியம்மா ஜீப்பில் ஏறினார். சேலத்துப் பெண், வயது முப்பது இருக்கும், நல்ல மாதிரி. கையில் இந்தியில் பதிவு செய்த அறிவிப்பு. வடக்கிலிருந்து வந்தவர்கள் என்றால் எல்லோருக்கும் இந்திதான் என்று மேலே உட்கார்ந்துகொண்டு எவனோ முடிவு செய்திருக்கிறான். லைனில் பாதி வீடுகளில் பேசுவது இந்தியே இல்லை. சொன்னேன். "எனக்கும் தெரியுமுங்கண்ணா, குடுத்ததத்தான போடோணும்" என்றார்.

வேனை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டு, நாங்கள் லைனுக்குள் இறங்கினோம். மைக்கைப் போட்டதுதான் தாமதம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் துணியை விட்டுவிட்டு ஓடினாள். ஒருவன் முகத்தில் சோப்பு நுரையோடு உள்ளே பாய்ந்தான். பிள்ளைகளையும் கோழிகளையும் வாரிக்கொண்டு போய்ப் படபடவென்று கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். லைனில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஏனுங்கண்ணா, நம்மளப் பாத்தா இப்படி ஓடறாங்க?"

எனக்கும் விளங்கவில்லை. போய்க் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவு ஒரு கை அளவுக்குத் திறந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டுத் தாழ் போட்டாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமாண்ணா? மாடு வருதுன்னு நீங்களே மைக்ல சொல்லிட்டு, நீங்களே நடந்து வரீங்க!"

அப்போதுதான் உறைத்தது. காப்பித் தோட்டத்துக்குள் காட்டுமாடு இறங்கினால், யாரும் வெளியே வராதீர்கள் என்று வனத்துறை என் ஜீப்பில்தான் மைக் கட்டிச் சொல்லும். இதே ஜீப், இதே குழாய் ஸ்பீக்கர். அந்த ஓட்டைக் குழாயில் தமிழும் ஒன்றுதான், இந்தியும் ஒன்றுதான், எதுவும் புரியாது. மைக் ஜீப் வந்தால் கதவைச் சாத்து. இத்தனை நாளில் அரசாங்கம் இவர்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

அதற்குள் வெளியே, "மாடா? எங்கீங்க?" என்று ஒரு அலறல். மாடு என்ற சொல் அதிகாரியம்மா காதில் விழுந்துவிட்டது. செருப்பு ஒன்றை ஜீப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து கதவை இடித்தார். அவரையும் உள்ளே இழுத்துப்போட்டோம்.

மாடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பாலில்லாத கட்டஞ்சாயா வந்துவிட்டது. அதிகாரியம்மா பாயில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இந்தியில் ஏதோ ஆரம்பித்தார்.

"தமிழ்லயே பேசுங்க மேடம். உங்க இந்தி எனக்குப் புரியல" என்றாள் பிள்ளையின் தாய்.

அந்தம்மா சாயா புரையேறச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. டாக்டர். ஒருத்தர்கூட வரவில்லை, வேனைத் திருப்பி அடிவாரம் இறங்கப்போகிறாராம்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷமுங்க!" என்று கத்திக்கொண்டே ஒற்றைச் செருப்போடு அவர் மேட்டில் ஓட, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட, பின்னாலேயே தாய் ஓடி வந்தாள். இத்தனை பேர் ஓடினால் யார்தான் உள்ளே இருப்பார்கள்? கதவுகள் திறந்தன. சோப்பு நுரைக்காரன், "மாடு எங்க?" என்றான். "வேன்ல ஏறி உக்காந்திருக்குது, வந்து பாரு!" என்றேன். நிஜமாகவே பார்க்க வந்துவிட்டான். அவன் பின்னால் மொத்த லைனும் வந்தது.

டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் பிள்ளையின் காதில் லைட் அடித்தார். பிறகு சுளிப்புப் போய்விட்டது. வலது காதிலிருந்து ஒரு மிளகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எதுக்கு சாமி இதப் போட்டுக்கிட்ட?"

காதைத் தடவிக்கொண்டே, "காத்து நொம்பக் குளிருச்சு" என்றது பிள்ளை. வாசலில் மிளகு காயவைத்திருந்த சமயத்தில் எடுத்து அடைத்திருக்கிறது. இடது காதில் சீழ். அதற்குச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். தாய் என்னைப் பார்த்தாள், நான் அதிகாரியம்மாவைப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்று ரைட்டருக்குப் போன் போட்டார். லீவு உடனே கிடைத்தது. அதைச் சொன்னால் என் சம்சாரம் இன்னும் பல்லைக் கடிக்கிறாள்.

சேலத்துக்கு நான்தான் கூட்டிப்போய் வருகிறேன். இடது காது இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் வளைவுக்கு மேலே என் ஜீப் சத்தம் கேட்டதுமே பிள்ளை ஓரமாகப் போய்விடுகிறது. போன வாரம், அது ஓரத்தில் நிற்பதைப் பார்த்தும் பழக்க தோஷத்தில் ஹாரனை அழுத்தித் தொலைத்துவிட்டேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நான் அதன் தாயைத் திட்டுவேனே, அதே குரலில் என்னைத் திட்டியது.

"எதுக்கு மாமா இந்தக் கத்து கத்தறீங்க? அதான் கேக்குதில்ல!"